ரேகை

திருமங்கலம் என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மதுரையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு கண்டக்டர் விசில் ஞாபகம் வரும். அரசியல் பேசுகிறவர்களுக்கு 2009 ஜனவரி இடைத்தேர்தலும், அதற்குப் பிறகு ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட 'ஃபார்முலா'வும் ஞாபகம் வரும். எனக்கு ஒரு பாட்டியின் கையெழுத்துதான் ஞாபகம் வரும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அம்மாவின் பாஸ்புக்கில் வரவு போடுவதற்காக அங்கே ஒரு பேங்கில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. தண்டட்டி போட்டு அறுந்த காது. சுருக்குப்பையில் பாஸ்புக். முதியோர் பென்ஷன் பணம் எடுக்க வந்திருக்கிறார். ஃபாரத்தை என்னிடம்தான் கொடுத்து நிரப்பச் சொன்னார். நிரப்பிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பையன் பாட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் மைப் பெட்டியை நகர்த்தி, "கைநாட்டு வைங்க பாட்டி" என்றான்.

பாட்டி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தீயில் பட்டதுபோல.

"மை வேணாம்யா. பேனாவக் குடு. நான் எழுத்துப் போடுவேன்."

எழுதினார். ஐந்தே எழுத்துப் பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு. பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஒருவர் செல்போனில் மணி பார்த்தார். பாட்டி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி வைத்து, பேனாவை மூடி, பணத்தை இரண்டு தடவை எண்ணி முடிந்துகொண்டுதான் நகர்ந்தார்.

வெளியே வந்தபோது பாட்டி உசிலம்பட்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். "கைநாட்டு வைச்சா வேலை சுருக்க முடிஞ்சிருக்கும்ல ஆத்தா?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"எங்கப்பன் ரேகை வச்சே கெட்டாருய்யா" என்றார்.

அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை. உங்களில் பலருக்கும் விளங்காது. எனவே கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 1911-ல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு மனிதன் திருடினானா இல்லையா என்று விசாரிக்கிற வேலையே கிடையாது. இன்ன சாதியில் பிறந்தாயா, நீ குற்றவாளி. அவ்வளவுதான் சட்டம். 1914-ல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி மக்கள் மேல் அது பாய்ந்தது. அடுத்த சில வருடங்களில் பிரமலைக் கள்ளர்கள் அத்தனை பேர் மேலும் வந்தது. வயதுக்கு வந்த ஆண்களின் பத்து விரல் ரேகையையும் எடுத்துப் பதிவு செய்தார்கள். அதனாலேயே எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்' ஆகிவிட்டது.

ரேகை வைத்தவன் ராத்திரி வீட்டில் படுக்கக் கூடாது. ஸ்டேஷனுக்கோ சொன்ன இடத்துக்கோ போய், விடிகிற வரை காவலில் படுத்துக் கிடந்துவிட்டு வர வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் அகப்பட்டால் ஜெயில்.

பாட்டி சொன்னார்: "நான் சின்னப்புள்ளையா இருக்கைல எல்லா அப்பன்மாரும் ராத்திரி ஸ்டேஷன்லதான் படுப்பாகன்னு நெனச்சிருந்தேன். ஒரு தடவ ஆத்தா கூட திருமங்கலம் சந்தைக்கு வந்தேன். அங்க ஒரு வீட்டுத் திண்ணைல ஒரு ஆளு பொண்டாட்டி புள்ளையோட படுத்துக் கெடந்தாரு. 'இவரு ஏன் ஸ்டேஷனுக்குப் போகல?'ன்னு ஆத்தாகிட்டக் கேட்டேன். ஆத்தா வாயப் பொத்திட்டா."

சட்டத்தால் வந்த அவமானம் ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை, அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு மற்றவர்கள் செய்தது. அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகச் சீட்டு எழுதி வாங்க, பாட்டியின் அப்பா வீட்டிலிருந்து ஒரு சேவல் போகும். ஒரு நாள் கூலி இல்லாமல் வேலை செய்ய மறுத்தால், 'இவன் நேத்து ராத்திரி ஆஜர் ஆகலை' என்று ஒரு சொல் போதும். "அந்தச் சீட்டுக்காகவே எங்கப்பன் பாதி நாளு சும்மா உழைச்சாருய்யா" என்றார் பாட்டி. சுரண்டுகிறவன் எப்போதும் சட்டத்துக்கு வெளியே நின்று சுரண்டுவதில்லை. பல நேரம் சட்டத்தின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் சுரண்டுகிறான்.

1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருத்தி. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்து திருமங்கலம் கோர்ட் வரை நடத்தியே கொண்டுவந்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஜனங்களுக்காக வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை, கோட்டில் ரோஜா குத்திக்கொண்டு வருவார் என்பதால் 'ரோசாப்பூ துரை' என்றார்கள். மலையாளக்காரர் அவர். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் உசிலம்பட்டிப் பக்கம் உண்டு.

இனிமேல் வருவதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியமான சங்கதி.

சுட்ட அதே அரசாங்கம், அதே 1920-களில், அதே ஊர்களில் பள்ளிக்கூடம் கட்ட ஆரம்பித்தது. கள்ளர் சீரமைப்பு என்று அதற்குப் பெயர். இன்றைக்கு மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 'கள்ளர் பள்ளி' என்று ஜனங்கள் சொல்கிற பள்ளிகளின் வேர் அதுதான். ஏறத்தாழ 300 பள்ளிகள். கூடவே விடுதிகள், கிணறு வெட்டக் கடன், கூட்டுறவுச் சங்கம், மதுரை மில்லிலும் மலைத் தோட்டங்களிலும் வேலை என்று போனது. அன்பினால் செய்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. ராத்திரியில் அப்பனை எண்ணுவதுபோல பகலில் பிள்ளையை எண்ணத்தான் பள்ளிக்கூடம். அந்த எண்ணத்தில் கட்டியதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் பள்ளிக்கூடம் ஒரு விநோதமான கட்டடம். எந்தப் புத்தியோடு கட்டினாலும், உள்ளே ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால், கட்டினவன் கையை விட்டு அது போய்விடுகிறது.

"பள்ளிக்கூடம் வந்ததும் எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாகளா?" என்று பாட்டியிடம் கேட்டேன்.

சிரித்தார். "யாருய்யா போவா? ஆட்ட யாரு மேய்க்கிறது? எங்கண்ணன விடுதில சேத்தாக. அங்க ரெண்டு வேள சோறு போட்டாக. அதுக்குத்தான் போனான். சோத்துக்குப் போனவன் வாத்தியாராகி வந்தான். நான் ரெண்டாப்பு வரைக்கும் போனேன். அந்த அஞ்சு எழுத்து மிச்சம்."

சோத்துக்குப் போனவன் வாத்தியாராகி வந்தான். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவிக் கொடுக்கப் போய்விட்டார் பாட்டி. கிளாஸைக் கழுவிக் கொடுப்பது அவர் பழக்கம் போலிருக்கிறது. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

திருமங்கலத்துக்கே இன்னொரு கதையும் உண்டு. கோயிலுக்குள் நுழையக் கூடாது, அந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட நாடார்கள் வியாபாரத்துக்கு வந்து குடியேறிய ஆறு ஊர்களில் திருமங்கலமும் ஒன்று. அவர்கள் யாரும் வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்கவில்லை. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை 'மகமை' என்று எடுத்து வைத்தார்கள். அதில் பேட்டை, கிணறு, பிறகு பள்ளிக்கூடம். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வசூலித்துப் பள்ளி நடத்தினார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன்தான் பின்னால் முதலமைச்சராகி, 1956-ல் மாநிலமெங்கும் மதிய உணவு போட்டார். காமராஜருக்குச் சோறும் சிலேட்டும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று எந்த நிபுணரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிடி அரிசிப் பள்ளியில் படித்தவருக்கு அது தெரியாதா என்ன!

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டவன் மேலே வந்தால் அடுத்தவனை அடிக்க மாட்டான் என்று நாம் நம்புகிறோம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996-லிருந்து பத்து வருடம் அங்கே முறையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. தாத்தா ரேகை வைத்த கதையைச் சொல்லி அழுகிற பேரன், பக்கத்துத் தெருக்காரன் நாற்காலியில் உட்காருவதைச் சகிக்கவில்லை. படிப்பு இதைத் தானாகக் கற்றுத் தந்துவிடாது போலிருக்கிறது.

படிப்பு இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதையும் நான் முழுசாக நம்புவதில்லை. காரணம் எங்கள் அப்பா.

அப்பாவுக்குப் பத்தாவது வரை படிப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்டவர், அக்காள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் தொகை எழுதாத வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் அல்ல. எதுவும் எழுதவில்லை என்பது நன்றாகத் தெரிந்தே போட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பணம் வேண்டும். வேறு வழியில்லை. பத்தாயிரம் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து நோட்டில் நாற்பதாயிரம் இருந்தது. நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம் கேட்டால் அப்பா கொல்லைப்புறம் போய்விடுவார். "அப்பா ஊர்ல இல்ல"ன்னு சொல்ல வேண்டியது என் வேலை. நன்றாகவே சொல்வேன். அந்தப் பொய்யில் எனக்கு நூற்றுக்கு நூறு.

எங்களை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தது ஒரு மாடு. சிரிக்காதீர்கள். ஊரில் பால் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. அம்மா சங்கத்தின் மூலம் கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்தாள். காலையும் மாலையும் பால் ஊற்றி, வாராவாரம் சங்கத்தில் காசு வாங்கினாள். சிறு காசுதான். ஆனால் சொன்ன கிழமையில் வந்துவிடும். அந்தக் காசு வரத் தொடங்கிய பிறகு, வட்டிக்காரர் வந்தால் அப்பா கொல்லைப்புறம் போவது நின்றது. வாசலில் நின்று கணக்குக் கேட்டார். அவரிடம் அந்தப் பத்தாவது படிப்பு முன்னாலும் இருந்ததுதானே? ஆனால் அதைப் பயன்படுத்தும் தைரியம் மாடு வந்த பிறகுதான் வந்தது. நான்கு வருடத்தில் புரோநோட்டு கிழிந்தது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் மறுநாள் அடுப்பு எரிய அதே ஆளிடம்தான் போக வேண்டும் என்றிருப்பவன் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பான், சொல்லுங்கள்?

இதே கதை பெண் பிள்ளைகள் விஷயத்தில் வேறு வேஷத்தில் வந்தது. இரண்டாயிரங்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் பத்தாவது ரிசல்ட் வருகிற வாரம் பார்த்து ஒருவர் வண்டியில் வருவார். மில் ஏஜென்ட். பெயிலான பிள்ளை எந்த வீட்டில், குடிகார அப்பன் எந்த வீட்டில் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். 'மூணு வருஷம் வேலை, ஹாஸ்டல், சாப்பாடு. முடியும்போது மொத்தமா முப்பதாயிரம், ஐம்பதாயிரம். கல்யாணத்துக்கு ஆச்சு' என்பார். திட்டத்துக்குப் பெயரே 'சுமங்கலி'. திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கம் நூற்பாலைகளுக்குப் பிள்ளைகள் வேனில் ஏறிப் போனார்கள்.

எங்கள் தெருவிலிருந்து போன ஒருத்தி இரண்டே முக்கால் வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கியது. மூன்று வருடம் முடியவில்லை, எனவே மொத்தத் தொகை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தொகை என்று அவர்கள் சொன்னது என்ன? மாதாமாதம் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய அவள் கூலிதான். எல்லா மில்லும் அப்படி என்று நான் சொல்லவில்லை. 2008-ல், மில்லில் 'பயிற்சி' என்ற பெயரில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று அரசு ஆணை போட்டது. ஆலைத் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. அந்தத் திட்டத்தின் பெயர் கெட்டுப்போன பிறகு பெயரை மாற்றிக்கொண்டு ஓடிய இடங்களும் உண்டு.

அவளுக்குப் படிப்பின் அருமை தெரியாதா? தெரியும். 'மேல படிக்கணும்'னு அழுதுகொண்டேதான் வேனில் ஏறினாள். அவள் வீட்டில் அன்றைக்கு யாராவது மாதம் ஆயிரம் ரூபாய் நீட்டியிருந்தால் வேன் காலியாகப் போயிருக்கும்.

அதனால்தான் ஒரு அரசுத் திட்டம் மாறின விதத்தை நான் கொஞ்சம் அக்கறையோடு கவனித்தேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது பணம். பிற்பாடு தகுதி பத்தாவது ஆனது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அதற்காகவே மகளைப் பள்ளிக்கு அனுப்பிய வீடுகள் எனக்குத் தெரியும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் ஏஜென்ட் சொன்ன அதே பாஷைதான் பேசியது. கடைசியில், மொத்தமாக, கல்யாணத்துக்கு! 2022 செப்டம்பரில் அதைப் 'புதுமைப் பெண்' என்று மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்து, மேற்கொண்டு காலேஜ் சேருகிற பெண்ணின் சொந்தக் கணக்கில் மாதம் ஆயிரம். அதே மாதத்தில் மதுரையில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். பஸ் பாஸும் இரண்டு நோட்டும் போக மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் அம்மாவின் பால் காசு மாதிரி அது சொன்ன தேதியில் வருகிறது. அவள் பெயருக்கு வருகிறது. ஏஜென்ட் வருகிற மாதத்திலும் வருகிறது.

மில் போய் வந்த அந்தப் பெண்ணின் மகள் இப்போது திருமங்கலத்துக்கு பஸ் ஏறிக் காலேஜ் போகிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். "என்ன படிக்கிறம்மா?" என்றேன். "பி.காம். மாமா" என்றாள். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து இருமிக்கொண்டே வந்து, "இவ கணக்குல வர்ற காச நான் தொடுறதே இல்லண்ணே" என்றாள். நான் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள்.

பாட்டியை அந்த டீக்கடைக்குப் பிறகு மறந்தே போனேன். 2021-ல் மறுபடி பார்த்தேன், எங்கள் ஊர் ரேஷன் கடையில். மகளை எங்கள் பக்கத்துத் தெருவில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார். வயசாகிவிட்டதால் மகளோடு வந்து இருக்கிறார். கார்டையும் இந்த ஊருக்கே மாற்றிவிட்டாராம். ரேஷன் கடைகளில் விரலை வைத்தால்தான் பில் என்று மெஷின் வந்திருந்த புதிது. கடைக்காரர் பாட்டியின் கையைப் பிடித்துக் கட்டைவிரலை மெஷினில் வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல். அதற்கும் சிவப்பு. அறுபது வருடம் கதிர் அறுத்த கை. விரலில் ரேகையே இல்லை.

பாட்டி தன் விரலையே கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, பக்கத்தில் நின்ற என்னிடம்தான் சொன்னார்.

"ரேகை அழிய மாட்டேங்குதேன்னு எங்கப்பன் அழுதாரு. எனக்கு ரேகை அழிஞ்சுபோச்சுன்னு அரிசி இல்லங்கிறாக."

கடைக்காரர் நல்ல மனிதர். "அப்படியெல்லாம் இல்ல ஆத்தா, அதுக்கு வேற வழி இருக்கு" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். விரல் பதியாதவர்களுக்கென்று வைத்திருக்கும் நோட்டு. கார்டு நம்பரை எழுதி, நோட்டைத் திருப்பிப் பாட்டி பக்கம் வைத்தார். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பாட்டி பையைக் கீழே வைத்தார். பேனாவை வாங்கி மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினார். முதல் எழுத்துக்கே அரை நிமிஷம். கை முன்னைவிட நடுங்கியது. வெயிலில் நின்ற வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. "சீக்கிரம் ஆத்தா" என்றது ஒரு குரல்.

பாட்டி நிமிரவில்லை. கடைசி எழுத்துக்கு இன்னும் புள்ளி வைக்க வேண்டியிருந்தது.